இடுப்பளவுத் தண்ணீர்

பிச்சாவரத்தில் துடுப்பு பிடித்த காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட கேள்வி, "எம்ஜிஆர் படம் எடுத்த இடம் எதுண்ணே?" என்பது. அடுத்தது, "சுனாமி வந்தப்ப இங்க என்னாச்சு?" மூன்றாவது கேள்வியைக் கேட்கிறவர்கள், ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து மூக்கைச் சுருக்கிக்கொண்டே கேட்பார்கள்: "இதக் கட்டாயம் போடணுமா?"

முதல் கேள்விக்கு நாங்கள் ஆளுக்கொரு வாய்க்காலைக் காட்டுவோம். 'இதயக்கனி' வந்தது 1975இல். எனக்கு அப்போது மூன்று வயது. என் பக்கத்துப் படகுக்காரன் பிறக்கவே இல்லை, ஆனால் அவன்தான் இடத்தை அடித்துச் சொல்லுவான். இரண்டாவதற்குப் பதில் சொல்ல ஒரு சுற்று நேரம் போதாது. மூன்றாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"தண்ணி எவ்வளவு ஆழம்?" என்பார்கள்.

"பெரும்பாலும் இடுப்பளவு சார்."

"அப்புறம் இது எதுக்கு?"

நியாயமான கேள்விதானே. ரொம்ப வருடம் எனக்கும் பதில் தெரியாது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டின் முகத்துவாரங்களுக்கும் நடுவில் ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் காடு. தண்ணீர் பரந்து கிடக்குமே தவிர ஆழம் போகாது. முழங்கால் அளவிலும் ஓடும். சில வாய்க்காலில் ஒன்றரை ஆள் ஆழமும் இருக்கும். கிள்ளைப் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் ஜாக்கெட் போட்டு வளர்ந்ததில்லை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்கு வருகிற முழுக்குத்துறையில் முழுகி எழுந்து நீந்தப் பழகியவர்கள் நாங்கள். எங்களிடம் போய் இடுப்பளவுத் தண்ணீருக்குப் பயப்படு என்றால்?

பயப்பட வைத்தவர் ஒரு புது மாப்பிள்ளை.

நான் படகுத்துறையில் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கதை. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குச் சேலத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள், காட்டைக் காட்டு என்று என் தலையில் கட்டினார்கள். மாமாவின் மீன்பிடித் தோணியில் ஏழு பேரை ஏற்றினேன். நாலு பேருக்கானது அது. ஜாக்கெட் என்ற பேச்சே அப்போது கிடையாது. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு முன்பலகையில் உட்கார்ந்திருந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம்.

குறுகலான வாய்க்காலில் இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் வில்லாக வளைந்து இறங்கியிருக்கும். தலைக்கு மேல் கிளை கூடாரம் போட்டிருக்கும். அங்கே போனதும் எல்லாருக்கும் கிளையைப் பிடிக்கத் தோன்றும். எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் கை சும்மா இருக்காது. கை கிளையைப் பிடித்துக்கொள்ளும், தோணி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் இருக்கிற உடம்பு சாயும். (அது தில்லை மரத்துக் கிளையாக இருந்தால் இன்னொரு வம்பு. ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் கண் போகும் அளவுக்கு எரியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான்.) மாப்பிள்ளை கிளையைப் பிடித்தார், எழுந்தார், தோணி சரிந்தது. ஏழு பேரும் தண்ணீரில்.

ஆறு பேர் வேரைப் பிடித்துக்கொண்டார்கள். வேரில் ஒட்டியிருக்கும் ஆளி பிளேடு மாதிரி கிழிக்கும். அத்தனை உள்ளங்கையிலும் ரத்தம். மாப்பிள்ளை மட்டும் வேருக்கு எட்டாத நடு வாய்க்காலில் இருந்தார். அவருக்குத் தண்ணீர் மார்புக்குக் கீழேதான். நிற்கப் பார்த்தார். எங்கள் சேற்றைப் பற்றி வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அது மணல் தரை போல் தாங்காது. காலை ஊன்றினால் முழங்கால் வரை உள்ளே வாங்கும். இழுத்தால் விடாது. ஒரு காலை உருவ மற்ற காலில் பாரம் போட வேண்டும். போட்டால் அந்தக் கால் இன்னும் இறங்கும். அவர் இரண்டு தரம் முயற்சி பண்ணினார். மூன்றாம் தரம் முன்பக்கமாகக் குப்புற விழுந்தார். கால் இரண்டும் சேற்றில், முகம் தண்ணீரில். நிமிர வழியில்லை. மார்பளவுகூட இல்லாத தண்ணீரில் ஒரு மனுஷன் மூழ்குவதை நாலு அடி தூரத்திலிருந்து பார்த்தேன். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. முதுகு மட்டும் வெளியே தெரிந்தது.

துடுப்பை அவர் மார்புக்கு அடியில் கொடுத்து நெம்பித்தான் தூக்கினேன். பிழைத்தார். பட்டு வேட்டி இன்னும் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. சித்தப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. தப்பு என் பேரில்தான். நாலு பேர் தோணியில் ஏழு பேரை ஏற்றியவன் நான்.

சமாசாரம் ஊரில் பரவியது. கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் சனம் காட்டோரம் இருக்கிறார்கள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் சேற்றைத் தடவ, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பவர்கள். அதில் ஒரு ஆயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சேத்துல நின்னா அது உன்னைப் புடிச்சுக்கும்டா. படுத்துக்க. படுத்தா விட்டுடும்." அவர்கள் நின்று நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மண்டி போட்டு, தவழ்ந்து, பாரத்தைப் பரப்பித்தான் நகர்வார்கள்.

பிற்பாடு தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் துடுப்புப் படகு ஓட்டப் போனபோது, ஜாக்கெட்டை முதல்முதலாகப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன். ஆயா சொன்னது விளங்கியது. ஆழத்தில் மூழ்காமல் காப்பது அதன் வேலையில் பாதிதான். எங்கள் ஊரில் அதன் பெரிய வேலை, நிற்கவிடாமல் பண்ணுவது. அது உடம்பைத் தூக்கி மல்லாக்கப் போட்டுவிடும். கால் சேற்றைத் தொடாது. தொடாத காலைச் சேறு எப்படிப் பிடிக்கும்? அன்றிலிருந்து "இடுப்பளவு தண்ணிதானே?" என்றால், "அதனாலதான் சார் போடணும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். முழித்துக்கொண்டு போட்டுக்கொள்வார்கள்.

ஜாக்கெட்டின் உள்விவகாரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மாணவர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கிருந்து நண்டு, சேறு, இலை என்று எதையாவது டப்பாவில் அள்ளிப்போக வருவார்கள். ஒரு தம்பி என் ஜாக்கெட்டின் உள்பக்கத் துணியைப் புரட்டி எழுத்தைப் படித்தார். "நூறு நியூட்டன்ணே. பத்துக் கிலோவைத் தூக்கும்."

"நான் எழுபத்தஞ்சு கிலோப்பா."

"கெணத்துல வாளி எறக்கியிருக்கீங்களா? தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் வாளி கனக்குமா? வெளிய வரும்போதுதானே கனக்கும்? ஆளும் அப்படித்தான். தண்ணிக்குள்ள நீங்க மூணு, நாலு கிலோதான்."

அந்த மூன்று நாலு கிலோவுக்காகத்தான் இத்தனை பாடு. 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில் இருக்கும்போது. 100, 150 என்றால் மயங்கிய ஆளையும் மல்லாக்கத் திருப்பி மூக்கை மேலே வைக்கப் பார்க்கும். இரண்டும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி ஆரஞ்சு நிறம்தான். கடைக்காரரும் ஒரே மாதிரி "லைஃப் ஜாக்கெட்" என்றுதான் விற்பார். வாங்குகிறவர் உள்துணியைப் புரட்ட வேண்டும்.

இப்போது உள்ளே ஃபோம் வைக்கிறார்கள். ஒரு காலத்தில் இலவம்பஞ்சு அடைத்தார்களாம். போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து மெத்தைக்கு வருமே, அதேதான். அதன் இழை உள்ளே குழல், வெளியே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஏறாது. இலவு காத்த கிளியைத்தான் கேலி பண்ணியிருக்கிறோம், இலவு காத்த மாலுமிகளைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசியதில்லை. அதற்கும் முன்னால் தக்கை. 1861இல் இங்கிலாந்தின் விட்பி ஊரில் புயலில் தவித்த கப்பல்களைக் காப்பாற்றப் போன மீட்புப் படகு கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் கரைக்கு வந்தவர் ஒருவர். புதிதாக வந்திருந்த தக்கை ஜாக்கெட்டைப் போட்டிருந்தவர் அவர்தான்.

ஜாக்கெட்டுக்கும் வயசாகும். வெயிலும் உப்புமாகச் சேர்ந்து தையலைத் தின்னும். நிறம் வெளிறி ஆரஞ்சு மஞ்சளானால் துணி இற்றுவிட்டது என்று அர்த்தம். கட்டைவிரலால் ஃபோமை அமுக்கி எடுங்கள். பள்ளம் மேலே எழும்பி வர வேண்டும். குழியாகவே நின்றால் அது இனிமேல் தலையணைக்குத்தான் ஆகும். சாயங்காலம் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், சீக்கிரம் சாகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரே ஜாக்கெட் எட்டு உடம்பு மாறும். அப்போது நாற்றம் அடிக்கத்தான் செய்யும். மூக்கைச் சுருக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொல்வது உண்மை.

ஜாக்கெட்டை வைத்திருப்பதற்கும் போட்டிருப்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு சின்னப் பெண் எனக்குக் காட்டினாள்.

நடுவில் இரண்டு வருடம் வெளியூரில் ஓர் ஏரியில் படகு ஓட்டினேன். ஊர், பேர் வேண்டாம். ஆறு வயசு இருக்கும் பாப்பாவுக்கு, இரட்டைச் சடை. ஜாக்கெட் வைக்கும் அறையில் சின்னது இல்லை. பெரியவர் ஜாக்கெட்டையே மாட்டி, நாடாவை இறுக்க முடிந்த மட்டும் இறுக்கி, "போதும்" என்று சொன்னவன் நான். சுற்று முடிந்து, கரையில் இறங்கும்போது படகுக்கும் மேடைக்கும் இடையில் பாப்பா வழுக்கினாள். பிள்ளைகள் விழும்போது இரண்டு கையையும் மேலே தூக்கும், பார்த்திருப்பீர்கள். தூக்கினாள். ஜாக்கெட் மேலேயே நின்றது. பிள்ளை அதற்குள்ளிருந்து சட்டை கழற்றுவது போலக் கீழே நழுவிப் போய்விட்டது. பூட்டிய பக்கிள் பூட்டியபடி, ஆரஞ்சு நிறத்தில், காலியாக மிதந்தது ஜாக்கெட். நான் கையை விட்டுத் துழாவியதில் ஒரு சடை அகப்பட்டது. அந்தச் சடையைப் பிடித்துத்தான் தூக்கினேன். வலியில் அவள் அழுத அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. ஜாக்கெட் மாட்டியதும் பிள்ளையின் இரண்டு தோள்பட்டையிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே ஒரு தூக்கு. காதுக்கு மேலே ஏறினால் கழற்று, வேறு கொண்டு வா. பிள்ளைகள் ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவில் போகும் ஒரு நாடா இருக்க வேண்டும். அதைப் பெற்றோர் "குத்தும்" என்று அவிழ்த்துவிடுவார்கள். நான் மறுபடி கட்டுவேன். சிலர் திட்டுவார்கள். திட்டட்டும்.

2011 டிசம்பர் கடைசி வாரம் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. 30ஆம் தேதி விடியலில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. ஊரெல்லாம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்தன. கரண்டு வர நாளானது. அந்தக் கலவரத்தில், ஐந்து நாள் முன்னால் கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த செய்தி எங்களுக்குச் சரியாக வந்து சேரவில்லை. நான் அதைப் பல நாள் கழித்து, பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் படித்தேன். அளவுக்கு மீறி ஏற்றிய படகு, ஜாக்கெட் கிடையாது, உல்லாசமாகக் கிளம்பிய குடும்பங்கள். சித்தப்பா வீட்டுச் சம்பந்திகளை நான் ஏற்றிய தோணிதான் அது, இன்னும் பெரிய அளவில். பிறகு 2023 மே மாதம் கேரளத்தில் தானூர், அங்கேயும் 22 பேர். 2024 ஜனவரியில் வடோதரா ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் எங்கள் கரையிலும் பத்து நாள் கெடுபிடி இருக்கும். எண்ணி ஏற்றுவோம், பக்கிளை இழுத்துப் பார்ப்போம். பதினோராம் நாள் கெடுபிடி கொஞ்சம் தளரும். 2021இல் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதுச் சட்டம் வந்தது. 1917ஆம் வருடத்துப் பழைய சட்டம் போனது. புதுச் சட்டத்தில் பெரும்பகுதி எஞ்சின் வைத்த கலங்களைப் பற்றியது. துடுப்புக்காரனுக்குச் சட்டத்தைவிட அவன் கரையில் சொல்கிற "இல்ல, ஏத்த மாட்டேன்"தான் பெரிது.

சரி, வாடகை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் துறையில் ஜாக்கெட்டுக்கென்று தனிக் காசு நான் வாங்கியதில்லை, படகுச் சீட்டுக்குள்ளேயே அது அடக்கம். இது சரியா என்ற சந்தேகத்தை ஒருநாள் ஒரு சவாரி கிளப்பினார். அமெரிக்காவில் இருக்கிறவர். நடராஜரைப் பார்த்துவிட்டு அம்மா, மனைவியோடு வந்திருந்தார். பக்கத்துப் படகில் இரண்டு இளைஞர்கள் ஜாக்கெட்டைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு போனதைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, போன வருஷம் கப்பல்ல கரீபியன் பக்கம் போனோம். ஒரு தீவுல எறக்கி விட்டாங்க. கண்ணாடி, மூச்சுக் குழாய் எல்லாம் நானே கொண்டு போயிருந்தேன். அதுக்கு மேல ஒரு மஞ்சள் ஜாக்கெட் போட்டாத்தான் தண்ணிக்குள்ள விடுவோம்னுட்டாங்க. வாடகை பத்து டாலர். குடுத்துட்டேன். குடுத்த காசுக்காக ஒரு நிமிஷம்கூட அதைக் கழட்டல. நீங்களும் காசு வாங்குங்க. அப்பதான் மரியாதை வரும்."

அந்த மஞ்சள் ஜாக்கெட் எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில் புத்தி. அதில் ஃபோம் கிடையாதாம். கழுத்தில் மாட்டும் காற்றுப் பை. வாயால் ஊதிக்கொள்ள வேண்டும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்ப்பவர்களுக்கானது. உள்ளே போக வேண்டுமென்றால் காற்றைக் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம். அதாவது குப்புறக் கிடக்கிற ஆளுக்கான ஜாக்கெட். மயங்கினால் அது திருப்பிப் போடும் என்று நம்ப முடியாது. காற்று போனால் வெறும் துணி. ஹவாய்த் தீவில் சுற்றுலாப் பயணிகள் நீரில் மூழ்கி இறப்பதில் இந்த மீன் பார்க்கும் விளையாட்டுக்குத்தான் முதலிடம் என்று அவர் சொன்னார். சத்தமே இல்லாமல் நடக்குமாம். எனக்குச் சேலத்து மாப்பிள்ளையின் முதுகு நினைவுக்கு வந்தது. எங்கள் தண்ணீரில் கண்ணாடி போட்டுக் குனிந்தால் டீயைத்தான் பார்க்கலாம்; அந்த வம்பு எங்களுக்கு இல்லை.

அவர் போன பிறகு டீக்கடையில் இதே பேச்சு. பாதிப் பேர், காசு வாங்கலாம் என்றார்கள். இருபது ரூபாய் வைத்தால் சோப்புக்கும் புது நாடாவுக்கும் ஆகும் என்றான் ஒருவன். எனக்கும் ஒரு நாள் முழுக்க அது சரியாகவே பட்டது. இலவசமாகக் கொடுத்தால் தோளில் கிடக்கும், காசு கொடுத்தால் இடுப்பில் ஏறும்.

ராத்திரி படுத்து யோசித்தேன். ஆறு பேர் குடும்பம் வருகிறது. பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்தவர்கள். படகுக்கே காசை எண்ணி எண்ணிக் கொடுக்கிறார்கள். மேலே நூற்றிருபது ரூபாய் என்றால் குடும்பத் தலைவர் என்ன சொல்வார்? எனக்கு அந்த வார்த்தை அப்படியே காதில் கேட்டது: "அம்மாவுக்கு வேணாம். அவங்க அசையாம உக்காந்திருப்பாங்க." முதலில் பாட்டிக்கு வேண்டாமென்பார்கள். அடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கைக்குழந்தைக்கு. நீந்த முடியாதவர்கள் யாரோ, அவர்களிடமிருந்துதான் ஜாக்கெட் முதலில் கழலும். அந்தத் தீவில் பத்து டாலர் கொடுக்க மனமில்லாதவர் மீன் பார்ப்பதை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துகொள்ளலாம். கட்டாயம் என்று சொல்லிவிட்டு அதற்கு வாடகையும் கேட்பது எனக்கு இன்றைக்கும் கோணலாகத்தான் படுகிறது. பஸ்ஸில் பிரேக்குக்குத் தனி டிக்கெட் போடுவார்களா? தோளில் போட்டவன் இடுப்பில் கட்ட வேண்டுமென்றால் அதற்குக் காசு தேவையில்லை. படகோட்டி கயிற்றை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். பின்னால் வரிசையில் நிற்பவர்களே சத்தம் போட்டுக் கட்ட வைத்துவிடுவார்கள்.

தோள்வலி வந்து துடுப்பை விட்டுவிட்டேன். இப்போதும் வாரத்துக்கு ஒருநாள் கரைக்குப் போய் உட்காருவேன். படகு கிளம்பும்போது கண் தானாக இடுப்புக்குத்தான் போகிறது.

நீங்கள் பிச்சாவரம் வந்தால், ஈர ஜாக்கெட் கொடுத்தால் வேறு கேளுங்கள், கொடுப்பார்கள். எல்லா பக்கிளும் பூட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். படகில் எழுந்து நிற்காதீர்கள், கிளையைப் பிடிக்காதீர்கள். தவறி விழுந்தால் நிற்கப் பார்க்காமல் மல்லாந்து படுத்துவிடுங்கள், படகு உங்களிடம் வரும். பிள்ளையைக் கூட்டிவந்தால் தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேலே ஏறினால் சின்னதாகக் கேளுங்கள். சின்னது இல்லை என்றால் அன்றைக்குப் படகில் ஏற்றாதீர்கள். கரையிலேயே ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து காடு முழுக்கத் தெரியும்.